நாள் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் 1968-ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்று நான்கு ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. சோங் பாங் கிராமத்து மளிகைக்கடையில் கொடுத்தது. முருகன் படம் போட்டது. தேதித் தாள்களையெல்லாம் கிழித்து முடித்த பிறகும் அப்பா அந்த அட்டையைக் கழற்றவில்லை. வேலுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில் பென்சிலால் ‘மார்ச் 71’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, ‘டிசம்பர் 71’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே மாதத்துக்கு ஒரு கோடு.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் பாய்லர் பட்டறை ஃபிட்டர். நாங்கள் யாரும் அதைக் கடற்படைத் தளம் என்று சொன்னதில்லை; ‘நேவல் பேஸ்’தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1948-இல் ‘ரஜூலா’ கப்பலில் வந்து இறங்கியவர். காலையில் சங்கு ஊதினால் கேன்பரா சாலை முழுக்கச் சைக்கிள்கள் ஒரே திசையில் போகும். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் மலையாளிகள்தான் அதிகம். தமிழர் சில வீடுகள், தெலுங்கர் இரண்டு வீடுகள். அந்தச் சாலையோரத்தில் தளத் தொழிலாளி ஒருவர் மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடு 1960-களில் கோயிலாக எழுந்தது. இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அதுதான். பங்குனி உத்திரத்துக்கு அப்பா லீவு போட்டுக் காவடி எடுப்பார். அம்மா ஓர் ஆங்கில அதிகாரி வீட்டில் துணி தேய்த்துக் கொடுத்து மாதம் சில வெள்ளி சம்பாதித்தார். எங்கள் சோறு, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் லண்டனில் யாரோ போடும் ராணுவக் கணக்கிலிருந்து வந்தவை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தினேன். ஒரு நாடு தன் படைச் செலவைக் குறைக்கும்போது, பிற நாடுகளுக்கு அது கொடுத்த பாதுகாப்பு வாக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி எந்தப் பாடத்தை எடுத்தாலும் எங்காவது வந்து நிற்கும். எங்கள் செம்பவாங் கரை இதை ஒரே நூற்றாண்டில் இரண்டு முறை அனுபவித்தது. முதல் முறை பணத்தைக் குறைத்தார்கள், வாக்கைக் குறைக்கவில்லை. இரண்டாம் முறை இரண்டையும் குறைத்தார்கள். இரண்டில் எது மேல் என்று மாணவர்கள் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். அதில் வேலையிழந்தவர்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

முதல் கதை 1919-இல் தொடங்குகிறது. முதல் உலகப்போரிலிருந்து பிரிட்டன் பெரும் கடனோடு வெளியே வந்திருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பெரும்போர் எதுவும் வராது என்று வைத்துக்கொண்டே படைத்துறைகள் செலவுக் கணக்கைப் போட வேண்டும் என்று அமைச்சரவை விதித்தது. 1928-இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், அந்தப் பத்தாண்டு ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்குவதாக எண்ணிக்கொள்ளும்படி விதியை மாற்றினார். 1932-இல்தான் அதைக் கைவிட்டார்கள்.

இதே காலத்தில், 1921-இல், சிங்கப்பூரில் பெரிய தளம் கட்டுவது என்றும் முடிவெடுத்தார்கள். ஐரோப்பாவுக்கு ஒன்று, ஆசியாவுக்கு ஒன்று என்று இரண்டு பெருங்கடற்படைகள் வைத்துக்கொள்ளக் கையில் காசில்லை. ஆகவே கப்பல்கள் ஐரோப்பாவில் நிற்கும். ஜப்பானால் ஆபத்து என்றால் புறப்பட்டு வரும். வந்தால் நிற்கவும் பழுதுபார்க்கவும் எண்ணெய் நிரப்பவும் ஒரு துறை தயாராக இருக்கும். இரண்டு ஊருக்கு ஒரே தீயணைப்பு வண்டி, ஆனால் நிலையம் மட்டும் இரண்டு ஊரிலும் என்பது போன்ற ஏற்பாடு. இரண்டு ஊரிலும் ஒரே இரவில் தீப்பிடிக்காது என்ற நம்பிக்கைதான் அதன் அடித்தளம்.

நிலையம் கட்டும் வேலைகூட நேராக நடக்கவில்லை. 1924-இல் ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி அரசு நிறுத்தியது. அடுத்து வந்த அரசு மீண்டும் தொடங்கியது. 1929-இல் திரும்பவும் வேகம் குறைந்தது. ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்த பிறகுதான் மறுபடி விரைந்தது. செலவில் மற்றவர்களும் பங்கு போட்டார்கள். மலாய்க் கூட்டு மாநிலங்கள் 20 லட்சம் பவுண்டு, நியூசிலாந்து 10 லட்சம், ஜொகூர் சுல்தான் 5 லட்சம், ஹாங்காங் இரண்டரை லட்சம். மலாயாவின் பங்கு ரப்பரிலும் ஈயத்திலும் விளைந்த வருவாய். அந்த ரப்பரில் பெரும்பகுதியை வெட்டியவர்கள் தமிழர்கள். கூட்டணிக் கணக்குகளில் அவர்கள் பெயரை நான் எந்த ஏட்டிலும் பார்த்ததில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

1938 பிப்ரவரி 14 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் உலர்துறை திறக்கப்பட்டது. ஆயிரம் அடி நீளம். அப்பா பின்னாளில் இறங்கி வேலை பார்த்த துறை அது. அதற்கு முன்பே 1928-இல் இங்கிலாந்தின் ஸ்வான் ஹன்டர் நிறுவனம் கட்டிய ஒரு மாபெரும் மிதவைத்துறையை இழுவைக் கப்பல்கள் சூயஸ் வழியாக இங்கே இழுத்துவந்து சேர்த்திருந்தன. நிலையம் தயார்.

வண்டி எத்தனை நாளில் வரும்? இதற்கும் லண்டனில் ஒரு கணக்கு இருந்தது. கடற்படை வந்து சேரும்வரை சிங்கப்பூர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அது. 70 நாள் என்றிருந்தது 1939 ஜூலையில் 90 ஆனது. செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டதும் 180 ஆக்கினார்கள். என் வகுப்பில் இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பேன். வாக்கின் சொற்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நாள் மட்டும் நீண்டுகொண்டே போனது. மக்கள் காதில் விழுந்தது வாக்கு. நாள் கணக்கு மேசைக்குள் இருந்தது.

1940 ஆகஸ்டில் பிரிட்டனின் முப்படைத் தளபதிகள் உண்மையை எழுதியே வைத்துவிட்டார்கள்: இப்போதைய நிலையில் கிழக்கே அனுப்பப் போதுமான கப்பற்படை கிடையாது. சிங்கப்பூரிலிருந்த தலைமைத் தளபதிக்கென்று அந்த அறிக்கையை ‘ஆட்டோமெடன்’ என்ற சரக்குக் கப்பலில் அனுப்பினார்கள். நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலில் ஜெர்மன் கப்பல் ஒன்று அதைப் பிடித்துத் தாள்களை அள்ளிக்கொண்டது. டிசம்பரில் அவை ஜப்பானியர் கையில். இங்கே ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கும் கப்பல் பட்டறையில் சுத்தியல் பிடித்தவனுக்கும் சொல்லப்படாத செய்தி எதிரிக்குத் தெரிந்துவிட்டது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1941 டிசம்பர் 2 அன்று ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரண்டு பெருங்கப்பல்கள் செம்பவாங் வந்து நின்றன. வண்டியாக வந்தது அவ்வளவுதான். எட்டு நாள் கழித்துக் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்தது. உலர்துறை திறந்து சரியாக நான்கு ஆண்டு, ஒரு நாள்.

என் பெரியப்பா அப்போது ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருந்தார். சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஊரிலிருந்த பாட்டிக்கு அவர் இறந்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசையன்றே திதி கொடுப்பார்கள். லண்டனில் ஒரு குழு 70 என்ற எண்ணை 180 ஆகத் திருத்தியதற்கும் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குப் போடும் அந்த ஒரு இலைக்கும் நேர்க்கோடு ஒன்று இருப்பதாகவே நான் எண்ணுகிறேன்.

இரண்டாம் கதையை நான் கண்ணால் பார்த்தேன்.

1957-இல் மலாயா விடுதலை அடைந்தபோது பிரிட்டிஷ்–மலாயா தற்காப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளியிலிருந்து தாக்குதல் வந்தால் பிரிட்டன் உதவும். 1963-இல் மலேசியா அமைந்ததும் அது சிங்கப்பூருக்கும் நீண்டது. வெறும் தாள் ஒப்பந்தம் இல்லை அது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நடத்திய ‘கொன்ஃபுரந்தாசி’ மோதலில் பிரிட்டன் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையினரை இந்த வட்டாரத்தில் நிறுத்தியிருந்தது. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தபோது எனக்கு ஏழு வயது. அன்று மாலை அப்பா வீடு திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றது நினைவிருக்கிறது.

பிரிட்டன் வாக்கைக் காப்பாற்றியது. ஆனால் அதன் விலை பிரிட்டனை அழுத்தியது. படையைச் சொந்த நாட்டில் வைத்திருந்தால் செலவழிக்கும் பவுண்டு நாட்டுக்குள்ளேயே சுற்றும். கடல் கடந்து வைத்தால் அந்நியச் செலாவணி வெளியே போகும். அப்பாவுக்குச் சம்பளம் வெள்ளியில் கொடுக்க வேண்டும். அந்த வெள்ளியை வாங்கப் பிரிட்டன் பவுண்டை விற்க வேண்டும். ஏற்றுமதியில் வருவதைவிட இறக்குமதியிலும் இப்படியான செலவுகளிலும் போவது அதிகமானால் பவுண்டின் மதிப்பு ஆட்டம் காணும். 1964-இல் பதவிக்கு வந்த ஹரால்ட் வில்சன் அரசு, அந்த ஆண்டு விலைவாசிப்படி தற்காப்புச் செலவை 200 கோடி பவுண்டுக்குள் அடக்குவது என்று வரம்பு கட்டியது. வாக்குகளை மட்டும் ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு மனிதர் வருகிறார். கிறிஸ்டபர் மேயு, கடற்படைக்கான அமைச்சர். 1966 பிப்ரவரியில், புதிதாகக் கட்டவிருந்த விமானந்தாங்கிக் கப்பலைத் தற்காப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி ரத்து செய்தார். மேயு பதவி விலகினார். கடற்படைத் தலைவர் சர் டேவிட் லூஸும் உடன் விலகினார். கப்பல் போய்விட்டதே என்ற ஆதங்கம் மட்டும் இல்லை. சூயஸுக்குக் கிழக்கே இத்தனை பொறுப்புகளையும் வைத்துக்கொண்டு அவற்றுக்கு வேண்டிய கருவியை மறுப்பது ஆகாது, ஒன்று பொறுப்பைக் குறையுங்கள், இல்லை பணத்தைக் கூட்டுங்கள் என்பது மேயுவின் வாதம். இதைச் சொல்லத் தன் நாற்காலியைக் கொடுத்தார். கப்பலுக்குப் பதில் அமெரிக்காவின் எஃப்-111 விமானங்கள் தீவுகளிலிருந்து பறந்து வேலையைச் செய்யும் என்று அரசு சொன்னது. இரண்டே ஆண்டில் அந்த விமானங்களும் ரத்தாயின. 1930-களின் 70, 90, 180 மீண்டும் எழுதப்பட்டுவிடுமோ என்ற அச்சம் அந்த இரண்டு ஆண்டுகளைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு வரும்.

1967 நவம்பர் 18 அன்று பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்கினார்கள். எங்கள் வீட்டுக்கும் அந்த அடி உடனே எட்டியது. சிங்கப்பூர் அந்த ஆண்டுதான் சொந்த நாணயம் வெளியிட்டிருந்தது. புது வெள்ளி பவுண்டோடு சேர்ந்து இறங்கவில்லை. பழைய மலாயா நோட்டுகள் இறங்கின. ஒரு வெள்ளிக்கு 85 காசு. அம்மா அரிசித் தவலைக்குள் தகர டப்பாவில் வைத்திருந்ததெல்லாம் பழைய நோட்டு. அவற்றைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, “என்னங்க, இதுல ஒவ்வொண்ணுலயும் பதினஞ்சு காசு எங்க போச்சு?” என்று கேட்டார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

மதிப்பிறக்கத்தோடு முடியவில்லை. செலவைக் குறைத்தே தீர வேண்டும் என்று ஜனவரி முழுக்க லண்டனில் அமைச்சரவை கூடிக் கூடிப் பேசியது. 1968 ஜனவரி 16 அன்று வில்சன் நாடாளுமன்றத்தில் படித்த பட்டியலை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு முழுதாகச் சொல்வேன். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் நிறுத்தம். 1965-இல் எடுத்துவிட்ட மருந்துச்சீட்டுக் கட்டணம் மீண்டும் வருகிறது. பள்ளியில் கட்டாயமாக இருக்க வேண்டிய வயதைப் பதினாறாக உயர்த்துவது இரண்டு ஆண்டு தள்ளிவைப்பு. ஐம்பது எஃப்-111 விமானங்கள் ரத்து. சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடாவிலிருந்து 1971 முடிவுக்குள் வெளியேற்றம். பிரிட்டிஷ் பிள்ளையின் பாலும் என் அப்பாவின் வேலையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. தன் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்திவிட்டு எங்கள் கடற்கரைக்குக் காவலை மட்டும் வைத்திருக்க எந்த அரசாலும் முடியாது. குறைத்ததில் நான் குற்றம் காணவில்லை.

குறைக்கும் நாள்வரை குறைக்க மாட்டோம் என்று சொன்னதில்தான் குற்றம் காண்கிறேன். 1967 நவம்பரில் கொரன்வி ராபர்ட்ஸ் என்ற இணையமைச்சர் வளைகுடா ஷேக்குகளிடம் போய், பிரிட்டன் இங்கேயே இருக்கும் என்று உறுதி சொல்லி வந்தார். ஜனவரியில் அதே மனிதரையே திருப்பி அனுப்பி, போகிறோம் என்று சொல்ல வைத்தார்கள். படைச் செலவை நாங்களே கொடுக்கிறோம் என்று அங்கே சிலர் முன்வந்தும் பயனில்லை. வாஷிங்டனில், வியட்நாமில் சிக்கியிருந்த அமெரிக்க அரசின் வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் பிரிட்டிஷ் அமைச்சர் ஜார்ஜ் பிரவுனைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். எங்களுக்கு 1967 ஜூலையில் சொல்லியிருந்தது வேறு: 1970–71-க்குள் பாதிப் படை போகும், 1970-களின் நடுவில் முழுதும். ஆறு மாதம்கூட அந்தச் சொல் நிற்கவில்லை.

1971 மார்ச் என்ற தேதியைத்தான் முதலில் சொன்னார்கள். அப்பா நாட்காட்டியில் எழுதியது அதைத்தான். பிரதமர் லீ குவான் இயூ லண்டனுக்குப் பறந்து அமைச்சர்களோடு வாதாடினார். கிடைத்தது ஒன்பது மாதம். அப்பா மார்ச்சை அடித்து டிசம்பர் என்று எழுதினார்.

ஒன்பது மாதம் பெரிதா என்று மாணவர்கள் கேட்பார்கள். சிங்கப்பூரின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தளங்களைச் சார்ந்திருந்தது. நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 70,000 பேருக்கு அதில் பிழைப்பு. மக்கள்தொகையே 20 லட்சம்தான். தேதி தெரிந்தால் ஒரு நாடு திட்டம் போடலாம். தளங்களைத் தொழிலுக்கு மாற்றவென்றே ஒரு துறை அமைத்து ஹோன் சுய் சென்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1968 டிசம்பரில் கப்பல் பட்டறை ஒரு வெள்ளி என்ற பெயரளவு விலைக்குக் கைமாறிச் செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. நடத்தித் தர வந்தது ஸ்வான் ஹன்டர்; நாற்பது ஆண்டுக்கு முன் அந்த மிதவைத்துறையைக் கட்டிய அதே நிறுவனம். போர்க்கப்பலுக்குப் பதில் எண்ணெய்க் கப்பல் பழுதுபார்த்தார்கள். சாங்கி விமானப்படைத் தளத்தில்தான் 1981-இல் விமான நிலையம் திறந்தது. பிரிட்டன் 5 கோடி பவுண்டு உதவி கொடுத்தது. அதில் பெரும்பகுதி கடன்.

காவலையும் சொந்தமாகக் கட்ட வேண்டியிருந்தது. 1967-இல் கட்டாயப் படைப்பணிக்கான தேசிய சேவைச் சட்டம் வந்தது. அண்ணனுக்கு 1970-இல் பதினெட்டு முடிந்தது. அழைப்புக் கடிதம் வந்த அன்று அம்மா அழுதார். பிரிட்டிஷ் விமானப்படை வைத்திருந்த பிளட்ஹவுண்ட் ஏவுகணைகளையும் சிங்கப்பூரே எடுத்துக்கொண்டது. பிரிட்டன் மிச்சப்படுத்திய செலவின் ஒரு பகுதி எங்கள் கணக்கில் வந்து ஏறியது. இன்றும் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கைத் தற்காப்புக்குக் கொடுக்கிறோம். கூட்டாளி பின்வாங்கினால் செலவு மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. சில வீடுகளில் அது ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டுகளாக மாறுகிறது.

எல்லாருக்கும் நல்லபடி முடியவில்லை. அப்பாவிடம் பிங்க் ஐசி, அதாவது இளஞ்சிவப்பு அடையாள அட்டை, இருந்தது. குடியுரிமை எடுத்திருந்ததால் ஷிப்யார்டில் வேலை தொடர்ந்தது. பக்கத்து வீட்டு மலையாளி மாமாவிடம் இருந்தது நீல ஐசி. ஊரில் நிலம் வாங்கியிருந்தார், இந்தியக் குடியுரிமையை விட மனம் வரவில்லை. குடியுரிமை இல்லாதவர் வேறு வேலைக்குப் போக அனுமதி வேண்டும், முன்னுரிமை குடிமக்களுக்கு. அவரைப்போல் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கப்பலேறினார்கள். இருபத்திரண்டு வருட வேலைக்குப் பிறகு அவர் ‘ரஜூலா’வில் ஏறியபோது நானும் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அவர் மகள் என்னோடு ஒரே வகுப்பு. கையில் பள்ளிப் பையை வைத்திருந்தாள், உள்ளே ஒன்றுமே இல்லை என்று திறந்து காட்டினாள்.

அப்பாவின் வேலை 1968-லேயே உறுதியாகிவிட்டது. ஆனாலும் மாதக் கோடு போடுவதை நிறுத்தவில்லை. வரிசையில் மற்ற வீடுகள் இருந்தன.

1970-இல் பிரிட்டனில் எட்வர்ட் ஹீத் பிரதமரானதும் கொஞ்சம் படை தங்கட்டும் என்றார். பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் 1971 ஏப்ரலில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஐந்தும் லண்டனில் கூடி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு என்று பெயர். மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வெளியிலிருந்து தாக்குதல் வந்தால், வரும் என்ற அச்சுறுத்தல் இருந்தால், என்ன செய்வது, சேர்ந்து செய்வதா தனித்தனியாகவா என்று முடிவெடுக்க ஐந்து நாடுகளும் உடனடியாகக் கலந்துபேசும். உதவுவோம் என்பது போய்க் கலந்துபேசுவோம் என்று ஆனது. 1974-இல் மீண்டும் வந்த தொழிற்கட்சி அரசு இன்னொரு முறை செலவை வெட்டியது. 1976-க்குள் பிரிட்டிஷ் படையில் கடைசி ஆளும் போய்விட்டார்.

ஏற்பாடு மட்டும் ஐம்பது ஆண்டைத் தாண்டி நிற்கிறது. பட்டர்வொர்த்தில் வான் தற்காப்புத் தலைமையகம், பொறுப்பில் ஆஸ்திரேலிய அதிகாரி, ஆண்டுதோறும் கூட்டுப் பயிற்சி. செம்பவாங்கில் கப்பலுக்கு எண்ணெய் நிரப்பும் சிறு பிரிட்டிஷ் அலுவலகம் இன்றும் இருக்கிறது. சிறிய வாக்கு என்பதால்தான் இத்தனை காலம் நிலைத்தது என்பது என் எண்ணம். கொடுத்தவர் கைக்கு எட்டியதைக் கொடுத்தார். வாங்கியவர்கள் மீதியைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1941-இல் நாங்கள் நம்பியிருந்த வாக்கு இதைவிடப் பல மடங்கு பெரியது.

இப்போது ஐரோப்பாவில் கணக்கு மறுபக்கம் ஓடுகிறது. 2025 ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035-க்குள் நாட்டு வருமானத்தில் மூன்றரைச் சதவீதம் நேரடிப் படைச் செலவுக்கும் ஒன்றரைச் சதவீதம் அதைச் சார்ந்த பணிகளுக்கும் என்று இலக்கு வைத்திருக்கின்றன. பிரிட்டன் தன் படைச் செலவைக் கூட்ட ஏழை நாடுகளுக்கான உதவியை 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதத்துக்குக் குறைப்பதாக அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. அதற்குப் பொறுப்பான அமைச்சர் பதவி விலகினார். எனக்கு மேயு நினைவுக்கு வந்தார். நேட்டோவின் புகழ்பெற்ற ஐந்தாம் பிரிவைக்கூட ஊன்றிப் படித்தால், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் ஒவ்வொருவரும் தமக்குத் தேவை என்று படுகிற நடவடிக்கையை எடுப்பார்கள் என்றுதான் இருக்கிறது. எந்த நடவடிக்கை, எத்தனை நாளில் என்பது படைகளின் இருப்பிலும் செலவுக் கணக்கிலும்தான் எழுதப்படுகிறது. ஆகவே ஒரு கூட்டணியின் பெயரைக் கேட்டால், அதன் உடன்படிக்கையைவிட அதன் வரவு செலவைப் படியுங்கள் என்று இளையவர்களிடம் சொல்கிறேன்.

அதே 2025 ஜூனில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்ற பெயர் தாங்கிய புதிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் சிங்கப்பூர் வந்தது. பேரனோடு போய்த் தொலைவில் நின்று பார்த்தேன். பெயரைப் படித்துக் காட்டினான்.

1971 நவம்பர் முதல் வாரத்து மாலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்கு எழுத்து மங்கலாகத் தெரியும், கண்ணாடி வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ் முரசை நான்தான் படித்துக் காட்டுவேன். புதிய ஏற்பாட்டைப் பற்றிய செய்தி வந்திருந்தது. பக்கத்தில் அம்மா, வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று போகும்போது விற்றுவிட்டுப் போன வலைக்கதவு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆபத்து வந்தா கலந்துபேசுவாங்களாம்பா” என்றேன்.

“எப்போ?”

“உடனடியா.”

அப்பா நாட்காட்டி அட்டையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எத்தன நாளைக்குள்ளன்னு போட்டிருக்கா பாப்பா? நல்லாப் பாரு.”

முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். ஐந்து நாட்டின் பெயரும் இருந்தது. தேதி இருந்தது. நாள் கணக்கு இல்லை.